தூய எரிசக்தி ஆராய்ச்சிக் கட்டடமே கரன்ட்டை விழுங்கினால் எப்படி? கூரை சோலார் மட்டும் போதாதது ஏன்?

இரவு 2 மணி. பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு லேப். சோலார் செல்லை இன்னும் மலிவாக எப்படித் தயாரிப்பது என்று பகல் முழுக்க அங்கே ஆராய்ச்சி நடந்தது. இப்போது உள்ளே ஒருவரும் இல்லை. விளக்குகள்கூட அணைந்துவிட்டன. ஆனால், கூரையில் இருக்கும் ராட்சத மின்விசிறிகள் மட்டும் நிற்கவே இல்லை. ஏசியில் குளிரவைத்த காற்றை உறிஞ்சி வெளியே கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கொட்டிய அளவுக்குப் புதுக் காற்று உள்ளே வருகிறது. அதையும் ஏசி குளிரவைக்கிறது. அதுவும் வெளியே போகிறது. விடியும்வரை இதே கதைதான்.

இது ஏதோ ஒரு கல்லூரியின் அலட்சியம் இல்லை. ரசாயனம் புழங்கும் லேப்கள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. அதனால்தான் ஒரு வேடிக்கையான முரண் உருவாகிறது. தூய எரிசக்தியை ஆராயும் கட்டடமே, அந்த வளாகத்தில் அதிகக் கரன்ட் இழுக்கும் கட்டடமாக மாறிவிடலாம்.

இதைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? இதை மாற்ற முடியுமா? ஏற்கெனவே முயன்றவர்களுக்கு என்ன ஆனது? பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவின் மொத்த மின் நிறுவு திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களிலிருந்து வருகிறது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. 2030க்குள் எட்ட வேண்டிய இலக்கு இது. ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டியாகிவிட்டது. அடுத்த கட்டம் கொஞ்சம் கடினம். பேட்டரி, பசுமை ஹைட்ரஜன், புதுவகை சோலார் செல் என எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி வேண்டும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு மட்டும் 400 கோடி.

ஆராய்ச்சி என்றால் ஆள் வேண்டும், கருவி வேண்டும், கூடவே கட்டடமும் வேண்டும். கருவி பத்து வருடத்தில் பழசாகிவிடும். கட்டடம் அப்படி இல்லை. ஐம்பது, அறுபது வருடம் நிற்கும். இன்றைக்கு வரைபடத்தில் போடும் ஒரு கோட்டின் விலையை 2070களிலும் யாரோ கரன்ட் பில்லாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தியா நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாகச் சொல்லியிருப்பதும் அதே 2070தான்.

ஒரு லேப் எவ்வளவு கரன்ட் சாப்பிடும்?

அதே பரப்பளவுள்ள அலுவலகத்தைவிட ஓர் ஆய்வகக் கட்டடம் 5 முதல் 10 மடங்குவரை அதிக எரிசக்தியைச் செலவிடலாம் என்பது, அமெரிக்க அரசின் 'லேப்ஸ் 21' திட்டம் சொன்ன கணக்கு.

கம்ப்யூட்டரும் மைக்ராஸ்கோப்பும்தான் காரணம் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. முதல் குற்றவாளி காற்று.

அலுவலகத்தில் ஏசி காற்றை வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். ரசாயன லேபில் அது ஆபத்து. ஒரு மூலையில் கசியும் ஆவி, இன்னொரு அறையில் இருப்பவரின் மூச்சில் கலந்துவிடும். அதனால் உள்ளே வரும் காற்று ஒரே தடவைதான் பயன்படும். பிறகு வெளியே போய்விட வேண்டும். அறையின் மொத்தக் காற்றும் மணிக்கு 6 முதல் 12 முறை மாறும்படி அமைப்பது வழக்கமான நடைமுறை.

இதில் பெரிய பங்கு 'ஃப்யூம் ஹூட்' என்ற பெட்டிக்கு. மூன்று பக்கமும் அடைத்து, முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு வைத்த மேடை அது. ஆபத்தான ரசாயனங்களை அதற்குள் வைத்துத்தான் கலப்பார்கள். நம் வீட்டுச் சமையலறை சிம்னிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் மதிப்பீட்டின்படி, சாதாரண ஃப்யூம் ஹூட் ஒன்று அந்த நாட்டின் மூன்றரை வீடுகள் செலவிடும் எரிசக்தியை எடுத்துக்கொள்கிறது. ஒரு வேதியியல் கட்டடத்தில் இப்படிப் பத்துக்கணக்கில் இருக்கும்.

தூய எரிசக்தி ஆராய்ச்சிக்கு வந்தால் பசி இன்னும் கூடும்.

சோலார் செல் ஆராய்ச்சிக்குத் தூசி இல்லாத 'கிளீன் ரூம்' வேண்டும். அங்கே வடிகட்டிய காற்று மணிக்குப் பத்துக்கணக்கான முறை சுழல வேண்டும். மிகத் தூய்மையான அறைகளில் அது நூற்றுக்கணக்கில் போகும்.

லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்கு ஈரமே இல்லாத 'டிரை ரூம்' வேண்டும். அந்தக் காற்றிலிருந்து ஒரு துளி நீர் பிரிய வேண்டும் என்றாலே, அதை மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைக்க வேண்டும். அவ்வளவு வறண்ட காற்று. கடலோர ஊர் ஒன்றில் ஐப்பசி மழையின்போது இப்படி ஓர் அறையை நடத்துவதை யோசித்துப் பாருங்கள்.

ஹைட்ரஜன் ஆராய்ச்சியில் பிரச்சினை வேறு. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். கசிந்தால் நேராக மேலே போய்க் கூரையடியில் தேங்கும். காற்றோட்டத்தை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

அதான் கூரையில் சோலார் போடுறாங்களே, போதாதா?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கற்பனைக் கட்டடம்தான், ஆனால் எண்கள் நடைமுறைக்கு நெருக்கமானவை.

கூரை 1,000 சதுர மீட்டர், ஆறு தளம். அதாவது மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். கூரையில் 1 கிலோவாட் சோலாருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் நிழலில்லாத இடம் வேண்டும் என்பது இந்தியாவில் சொல்லப்படும் பொதுவான அளவு. கூரையில் ஓர் அங்குலம் விடாமல் நிரப்பினாலும் 100 கிலோவாட்தான் வரும். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்றால், வருடத்துக்குச் சுமார் 1.46 லட்சம் யூனிட்.

இப்போது செலவைப் பார்க்கலாம். அது நன்றாக வடிவமைத்த அலுவலகம் என்றால், சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 100 யூனிட் வீதம் 6 லட்சம் யூனிட் தேவை. சோலார் அதில் கால் பங்கைத் தரும். அதுவே லேப் என்றால், சதுர மீட்டருக்கு 300 யூனிட் என்று வைத்தாலும் 18 லட்சம் யூனிட் ஆகிவிடும். அதே சோலார் தருவது வெறும் 8 சதவீதம்.

உண்மையில் கூரை முழுக்கக் கிடைக்கவும் கிடைக்காது. புகைபோக்கி, கூலிங் டவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேதான் நிற்கும்.

சரி, அதே லேபின் தேவையைப் பாதியாகக் குறைத்தால்? 9 லட்சம் யூனிட் மிச்சம். கூரை முழுக்க சோலார் போட்டால் கிடைப்பதைப் போல ஆறு மடங்கு! கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். சோலார் வேண்டாம் என்பதல்ல விஷயம். அது கடைசியில் வர வேண்டியது. முதலில் வர வேண்டியது தேவையைக் குறைப்பது.

கூரை போதாது என்று சுவரையும் பயன்படுத்திய டோக்கியோ

'சோலார் போதாது' என்ற கணக்கை உலகிலேயே மிகத் துணிச்சலாக எதிர்கொண்ட கட்டடங்களில் ஒன்று, டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஓகாயாமா வளாகத்தில் இருக்கிறது. இந்தக் கழகம் 2024 அக்டோபரில் இன்னொரு பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இப்போது 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ் டோக்கியோ' என்ற பெயரில் இயங்குகிறது. 2012இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் பெயர் 'சுற்றுச்சூழல் எரிசக்திப் புத்தாக்கக் கட்டடம்'. உள்ளே நடப்பது எரிசக்தி ஆராய்ச்சி.

கூரையோடு நிறுத்தாமல், தெற்கு, மேற்குப் பக்கங்களையும் சோலார் பேனல்களால் போர்த்தியிருக்கிறார்கள். மொத்தம் 4,570 பேனல்கள். திறன் சுமார் 650 கிலோவாட். கூடவே எரிவாயுவில் இயங்கும் 100 கிலோவாட் ஃப்யூயல் செல். தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறக்குறைய தானே தயாரிப்பது, இதே அளவு வழக்கமான கட்டடத்தைவிடக் கரியமில வாயு உமிழ்வை 60 சதவீதத்துக்கும் மேல் குறைப்பது என்ற இலக்கோடு கட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பேனல்களின் எண்ணிக்கையைவிட, அவை நிற்கும் விதம். பேனல்கள் சுவரில் ஒட்டவில்லை. கட்டடத்திலிருந்து விலகி நிற்கும் தனிச் சட்டகத்தில் தொங்குகின்றன. இதில் மூன்று லாபம். ஒன்று, பேனல்களே சன்னல்களுக்கு நிழல் தருகின்றன. ஏசியின் வேலை குறைகிறது. இரண்டு, இடைவெளியில் காற்று ஓடுவதால் பேனல் அதிகம் சூடாகாது; சூடு குறைந்தால் சோலார் பேனல் கூடுதல் மின்சாரம் தரும். மூன்றாவது லாபம் நீண்டகாலத்துக்கானது. பேனல் பழசானால் கட்டடத்தைத் தொடாமலே கழற்றிப் புதுசு மாட்டலாம்.

ஒரு பேனலின் ஆயுள் 25 வருடம். கட்டடத்தின் ஆயுள் 50, 60. இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால் பின்னால் கஷ்டம். வேகமாக மாறும் தொழில்நுட்பத்தையும் மெதுவாக மாறும் கான்கிரீட்டையும் தனித்தனியாக வைத்ததுதான் டோக்கியோ கட்டடத்தின் புத்திசாலித்தனம்.

அப்போ காற்றுப் பிரச்சினைக்கு என்ன வழி?

டோக்கியோ கட்டடம் உற்பத்திப் பக்கத்துக்கு வழி சொன்னது. தேவைப் பக்கத்துக்கு வழி சொன்னவர்களில் முக்கியமானது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம்.

அங்கே 'ஸ்மார்ட் லேப்ஸ்' என்ற பெயரில், இருக்கும் லேப்களையே மாற்றியமைத்தார்கள். அடிப்படைக் கேள்வி எளிமையானது: அறையில் ஆளும் இல்லை, கசிவும் இல்லை என்றால் காற்றை ஏன் அதே வேகத்தில் மாற்ற வேண்டும்? காற்றின் தரத்தை அளக்கும் சென்சார்களும் ஆள் இருப்பதை உணரும் சென்சார்களும் வைத்தார்கள். ஆள் இருக்கும்போது மணிக்கு 4 முறை, யாரும் இல்லாதபோது 2 முறை காற்று மாறினால் போதும் என்பது அவர்களின் அடிப்படை அளவு. சென்சார் எதையாவது மோப்பம் பிடித்தால், வேகம் உடனே கூடும். இப்படி மாற்றிய கட்டடங்களில் எரிசக்திச் செலவு சராசரியாகச் சுமார் 60 சதவீதம் குறைந்தது.

"இது பாதுகாப்போடு விளையாடுவது ஆகாதா?" என்ற கேள்வி நியாயமானது. எல்லா அறைக்கும் இது பொருந்தாது. ஹைட்ரஜன் இருக்கும் இடம், கடும் நச்சு புழங்கும் இடம் ஆகியவற்றுக்குத் தனி விதி வேண்டும். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடும் மின்விசிறிக்குக் கசிவு நடந்ததே தெரியாது. சென்சார் வைத்த அறைக்குத் தெரியும். செலவைக் குறைக்க வைத்த கருவி பாதுகாப்புக்கும் உதவுகிறது.

ஹார்வர்ட் பல்கலைக்கழக வேதியியல் துறை இன்னும் எளிய வழியைக் கையில் எடுத்தது. ஃப்யூம் ஹூட்டைப் பயன்படுத்தாதபோது கண்ணாடிக் கதவை இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான். எந்த லேப் ஒழுங்காக இறக்குகிறது என்று ஆராய்ச்சிக் குழுக்களுக்குள் போட்டி வைத்தார்கள். இதனால் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல் மிச்சமானது.

ஆனால், இதில் ஒரு கொக்கி இருக்கு. கதவை இறக்கினால் மின்விசிறியின் வேகமும் தானாகக் குறையும்படி அமைப்பு இருந்தால்தான் மிச்சம். வேகம் மாறாத பழைய வகை ஹூட்டில் கதவை எத்தனை முறை சாத்தினாலும் பில் குறையாது. பழக்கம் மட்டும் போதாது. அந்தப் பழக்கத்துக்குப் பலன் கிடைக்கும்படி கட்டடம் முதலிலேயே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வரைபடத்திலேயே செய்யக்கூடிய இன்னொரு வேலை, பிரித்து வைப்பது. ஆராய்ச்சிக் கட்டடத்தின் எல்லா அறையும் லேப் இல்லை. பேராசிரியர் அறை, வகுப்பறை, மாணவர்கள் டேட்டா பார்க்கும் இடம் எல்லாம் உண்டு. இவற்றை லேப்போடு கலந்து கட்டினால், எல்லாவற்றுக்கும் ஒருமுறைக் காற்றைக் கொடுக்க வேண்டிவரும். தனிப் பகுதியாக்கிவிட்டால், அங்கே சன்னலைத் திறந்து மின்விசிறி போட்டாலே பாதி நாள் ஓடிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் சரிவருமா?

அப்படியே காப்பி அடித்தால் வராது. இந்தியாவிலேயே ஓர் ஊரில் செய்வது இன்னோர் ஊரில் பலிப்பதில்லை.

கிரிகா என்பது இந்தியாவுக்கென உருவான பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறை. அதில் முதல் 5 நட்சத்திரம் வாங்கியது ஐஐடி கான்பூரின் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் மையக் கட்டடம். அங்கே மண்ணுக்கடியில் குழாய் பதித்து, வெளிக்காற்றை அதன் வழியாக இழுத்து உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த ஊரின் வருடச் சராசரிக்கு அருகிலேயே நிற்கும். கான்பூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலம் நன்றாகக் குளிரும். அதனால் சராசரி தணிந்தே இருக்கும். மண் இலவச ஏசி ஆகிவிடுகிறது.

சென்னையில் குளிர்காலமே பெயருக்குத்தான். வருடச் சராசரியே 28 டிகிரிக்குப் பக்கம். அப்படியென்றால் மண்ணும் அதே சூட்டில்தான் இருக்கும். மேலும் இங்கே பெரிய எதிரி சூடு மட்டும் இல்லை, ஈரப்பதமும்தான். காற்றிலிருந்து நீரைப் பிரிப்பதற்கே ஏசி நிறைய மின்சாரம் செலவழிக்கும். மண்குழாய் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே கடலோர ஊர்களில் கட்டடம் வேறு வழி தேட வேண்டும். வெளியேறும் குளிர்ந்த காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவி, நீரகற்றலையும் குளிர்வித்தலையும் தனித்தனியாகச் செய்யும் அமைப்பு, ஆழமான வெளி நிழல் போன்றவை இங்கே முக்கியம். ரசாயன லேபில் இந்தக் காற்றுக் கருவியையும் இரு காற்றும் கலந்துவிடாத வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம் 2015இல் திறந்த 'நிகர பூஜ்ய எரிசக்திக் கட்டடம்' இன்னொரு பாடம். கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டை ஆராய்பவர்கள் தங்களுக்கே கட்டிக்கொண்ட கட்டடம் அது. வானிலை சரியாக இருந்தால் சன்னலைத் திறப்பார்கள். சரியில்லை என்றால் கான்கிரீட் தளத்துக்குள் ஓடும் குளிர்நீர், அறையைக் குளிரவைக்கும். கட்டடம் முழுக்க சென்சார்கள். ஆராய்ச்சி செய்யும் இடமே ஆராய்ச்சிப் பொருளும்கூட. சிறிய கட்டடம், ரசாயன லேப் போன்ற பசி இல்லை, அதனால் கூரை சோலாரை நம்பியே கணக்கைச் சமன் செய்ய முடிந்தது. ஆறு மாடி வேதியியல் லேபுக்கு அதே 'பூஜ்யம்' எளிதில் கிடைக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதே குழுவின் ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியர்கள் எந்த வெப்பநிலையில் வசதியாக உணர்கிறார்கள் என்று அளந்து, அவர்கள் உருவாக்கிய மாதிரியை 2016 தேசியக் கட்டட விதிகள் ஏற்றுக்கொண்டன. வெளியே வெயில் கூடும்போது உள்ளே கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையும் உடல் ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் சாரம். வெளிநாட்டு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க 22 டிகிரியில் நடுங்கத் தேவையில்லை. லேப்புக்கு வெளியே இருக்கும் அறைகளில் இது பெரிய சேமிப்பு.

கட்டும்போதே வெளிவரும் கார்பன்?

கரன்ட் பில்லில் தெரியாத செலவு இது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. கட்டடம் திறப்பு விழா காணும் முன்பே ஒரு பெரிய கார்பன் கடன் அதன் தலையில் ஏறிவிடுகிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் இந்தக் கடனையும் கணக்கில் சேர்த்தது. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் கொடுத்த 12 மில்லியன் பவுண்ட் நன்கொடையோடு, 'கார்பன் நியூட்ரல் லேபரட்டரி' என்ற வேதியியல் ஆய்வகத்தை மரத்தில் கட்டத் தொடங்கினார்கள். வளரும்போது மரம் கார்பனை இழுத்து வைத்திருக்கும் என்பதுதான் காரணம். கட்டும்போது ஏறும் கடனை, சோலார் போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் மூலம் 25 வருடத்தில் அடைத்துவிடுவது திட்டம்.

2014 செப்டம்பரில், கட்டி முடியும் முன்பே அது தீப்பிடித்து எரிந்து நாசமானது. மரத்தில் லேப் கட்டுவதே தப்பு என்ற குரல் எழும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால், பல்கலைக்கழகம் மறுபடியும் மரத்திலேயே கட்டி, 2017இல் திறந்தது. பாதி கட்டிய நிலையில், தீத்தடுப்பு ஏற்பாடுகள் முழுமையாகாத மரக்கட்டடத்துக்கு ஆபத்து அதிகம் என்பதைக் கட்டுமானத் துறை அழுத்தமாகப் படித்துக்கொண்டது.

இந்தியாவில் இவ்வளவு பெரிய மரக்கட்டடம் இப்போதைக்கு நடைமுறை இல்லை. ஆனால் வேறு வழி நம் கைக்குப் பக்கத்திலேயே இருக்கு. சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த 'எல்சி3' சிமென்ட், சாதாரண சிமென்ட்டைவிட உமிழ்வை 40 சதவீதம் வரை குறைக்கக்கூடியது. சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை வளர்த்தெடுத்ததில் ஐஐடி டெல்லி, ஐஐடி பம்பாயுடன் ஐஐடி மெட்ராஸுக்கும் பங்கு உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023இல் இதற்குத் தரநிலையும் வெளியிட்டுவிட்டது. தூய எரிசக்திக்காகக் கட்டும் கட்டடத்தில் இதைக் கேட்டு வாங்காமல் வேறு எதில் கேட்பது?

வழி தெரிந்தும் ஏன் நடப்பதில்லை?

தொழில்நுட்பம் புதிர் இல்லை என்பது இதுவரை பார்த்ததிலேயே புரிந்திருக்கும். சிக்கல் பெரும்பாலும் பணம் வரும் பாதையில் இருக்கிறது.

கட்டடம் கட்ட ஒரு நிதி, கரன்ட் பில் கட்ட இன்னொரு நிதி. கட்டுபவர் செலவைக் குறைக்கப் பார்ப்பார். அதனால் கூடும் பில் அவருக்கு வராது. ஆராய்ச்சி செய்பவருக்கும் வராது, அது நிர்வாகத்துக்குப் போகும். யார் குறைக்க முடியுமோ அவர் பில்லைப் பார்ப்பதே இல்லை. யார் பில்லைப் பார்க்கிறாரோ அவரால் குறைக்க முடியாது.

இதோடு 'எல்-1' முறை, அதாவது குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர். வாங்கும்போது மலிவான ஏசி, ஓட்டும்போது காஸ்ட்லி. தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துக் கட்டுமானப் பணிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க, மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரிலேயே நிபந்தனைகளோடு வழி திறந்துவிட்டது. பயன்படுத்துவது நிறுவனங்களின் கையில்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிறது. அந்நாட்டின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2010இல் திறந்த அலுவலகக் கட்டடத்துக்கு, "பசுமையாகக் கட்டுங்கள்" என்று பொதுவாகச் சொல்லவில்லை. இவ்வளவு பரப்புக்கு வருடத்துக்கு இவ்வளவு எரிசக்திதான் என்ற எண்ணை, டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவைத்தார்கள். கட்டுமான நிறுவனமும் வடிவமைப்பாளரும் முதல் நாளிலிருந்தே ஒரே அணியாக அந்த எண்ணைத் துரத்த வேண்டியதாயிற்று.

அடுத்தது, திறப்பு விழாவுக்குப் பிறகு அளப்பது. பல பசுமைச் சான்றிதழ்கள் வரைபடத்தையும் கம்ப்யூட்டர் கணிப்பையும் பெரிதும் நம்புகின்றன. ஆஸ்திரேலியாவின் 'நேபர்ஸ்' முறை வேறு மாதிரி. கட்டடம் இயங்கும்போது 12 மாதம் உண்மையில் எவ்வளவு செலவழித்தது என்று பார்த்துத்தான் நட்சத்திரம். காகிதத்தில் பசுமையாக இருந்துவிட்டு, மீட்டரில் சிவப்பாக இருக்க முடியாது.

"ஒரு நல்ல பேட்டரி கண்டுபிடித்தால் இந்த பில்லெல்லாம் தூசு" என்பது சரியா?

இதை ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்பதுண்டு. அதில் நியாயமும் இருக்கு. ஒரு கண்டுபிடிப்பு உலகம் முழுக்க மிச்சப்படுத்தும் கார்பனோடு ஒப்பிட்டால், ஒரு கட்டடத்தின் உமிழ்வு ஒன்றுமே இல்லை. சிக்கனம் என்ற பெயரில் ஆராய்ச்சியை முடக்கக் கூடாது.

ஆனால், எல்லா லேபும் அப்படி ஒரு பேட்டரியைக் கண்டுபிடித்துவிடுவதில்லை. கரன்ட் பில் மட்டும் எல்லா லேபுக்கும் வரும். பில்லுக்குப் போகும் ஒவ்வொரு லட்சமும் ஒரு மாணவரின் உதவித்தொகையாகவோ ஒரு கருவியாகவோ ஆகியிருக்கக்கூடிய பணம். மேலே பார்த்த வழிகளில் எதுவும் ஆராய்ச்சியைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. யாரும் இல்லாத அறையில் இரவு 2 மணிக்கு ஓடும் மின்விசிறியைத்தான் குறைக்கச் சொல்கின்றன.

அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் என்ன கேட்கலாம்?

நீங்கள் படித்த கல்லூரியோ, உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமோ 'பசுமை ஆராய்ச்சிக் கட்டடம்' என்று அறிவித்தால், சோலார் எத்தனை கிலோவாட் என்பதோடு நிறுத்த வேண்டாம். இந்த ஐந்தையும் கேட்கலாம்:

• சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் இலக்கு? அந்த எண் டெண்டரில் இருக்கிறதா?

• ஆள் இல்லாதபோது லேப் காற்றோட்டம் தானாகக் குறையுமா?

• லேப் பகுதியும் அலுவலகப் பகுதியும் தனித்தனியா?

• என்ன சிமென்ட், எவ்வளவு கார்பன் என்ற கணக்கு உண்டா?

• திறந்து ஒரு வருடம் கழித்து, மீட்டர் கணக்கை வெளியிடுவார்களா?

ஐந்தில் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலே மற்ற நான்கையும் யாராவது யோசித்திருப்பார்கள். ஒரு வருடம் கழித்து எல்லோரும் பார்க்கப்போகும் எண்ணை, யாரும் சும்மா எழுதிவைக்க மாட்டார்கள்.